பசியாறியாச்சா

லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் கேட்பதுதான்.
ஆச்சு என்பேன்.
ஆறுவதற்கு முதலில் பசி வேண்டும்.
அது வைகாசியிலிருந்து வரவில்லை.

கிளினிக்கில் எடை பார்த்தார்கள்: ஐம்பத்தொன்று.
போன வருஷம் ஐம்பத்தெட்டு.
ரத்தத்தில் இரும்பு குறைவு, இன்னும் ஏதோ
ஓர் எழுத்தும் எண்ணும் குறைவு.
பிறகு ஒரு தாளில் கேள்விகள்.
தூக்கம் எப்படி, உண்ண மனம் உண்டா,
இருந்து என்ன என்று தோன்றுவதுண்டா.
எல்லாவற்றுக்கும் சில நாள் என்றேன்.
கூட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பெண், ஹஸ்லீனா,
மெதுவாக ஒரு மலாய்ச் சொல் சொன்னாள்:
கெமுருங்கான்.
எனக்குக் காது மந்தம். ஃபெர்ரியின் எஞ்சின் அறையில்
முப்பத்தொரு வருஷம்.
முருங்கைக்காயா என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. நான் சிரித்தது
எனக்கே இருமல் மாதிரி கேட்டது.

ஒரு நோட்டு கொடுத்தாள். கட்டம் கட்டமாக:
என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருடன்.

முதல் நாள்: கிரீம் கிராக்கர் நான்கு, தே ஓ.
மறுநாள்: மேற்படி.
மூன்றாம் நாள் எழுதவே வெட்கமாக இருந்தது.
அப்புறம் வடமலை சமைத்ததை எழுதத் தொடங்கினேன்,
பள்ளிக்கூடத்து மலாயில், அவள் படிக்கட்டும் என்று.
ஞாயிறு, சுறாப்புட்டு.
செவ்வாய், பாகற்காய், வெல்லம் ஒரு துண்டு போட்டு.
வெள்ளிக்கிழமை நெத்திலிச் சாம்பார், கோயிலுக்குப் போகாத வீடு.
எழுதும்போது வாயில் கொஞ்சம் நீர் ஊறியது.
பேனாவை மூடியதும் வற்றியது.

வடமலை என் தம்பி.
இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று
ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.
அவன் சமைப்பான். நான் குறை சொல்வேன்.
உப்பு கூட, என்பேன்.
உன் நாக்கு துருப்பிடிச்ச நாக்கு, என்பான்.
நாற்பது வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டது
பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஹஸ்லீனா பக்கங்களைப் புரட்டினாள்.
செடாப், என்றாள். யார் சமையல்?
அடேக் மாசாக், என்றேன். தம்பி.
மலாயில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது.
சமைத்தான், சமைக்கிறான், எல்லாம் ஒரே மாசாக்.
ஆகவே நான் பொய் சொல்லவில்லை.
தராசுதான் ஒப்பவில்லை.
ஐம்பது.
அவள் முள்ளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

வரும் வழியில் சந்தையில் இறங்கினேன்.
முருங்கைக்கீரை ஒரு கட்டு, இரண்டு வெள்ளி.
அந்த மலாய்ச் சொல்லின் வேலை, வேறொன்றுமில்லை.
கீரைக்காரி கேட்டாள், பசியாறியாச்சா அங்கிள்?
இன்னும் இல்லை என்று வந்துவிட்டது வாயில்.

கீரை உருவ ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று
அவன் சொன்னதே இல்லை.
ஈர்க்கு ஈர்க்காக, விரல் பச்சையேறி,
மசூதியில் பாங்கு முடிந்து, கீழே விளக்குகள் வந்துவிட்டன.
வழக்கமாக அந்திக்கு வந்து நெஞ்சில் உட்காரும் அது
இன்றும் வந்திருக்கலாம். நான் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பருப்பு அடிப்பிடித்தது.
நெத்திலியைக் கழுவாமல் போட்டிருக்கிறேன்.
முதல் கவளத்திலேயே
உப்பு கூட! என்றேன், சத்தமாக,
அடுப்புப் பக்கம் திரும்பி.

குழாய் சொட்டியது.
இன்னும் இரண்டு கவளம் தின்றேன்.

நோட்டில் இந்த முறை தமிழில் எழுதினேன்.
என்ன: முருங்கைக்கீரை.
எவ்வளவு: மூன்று கவளம்.
மணி: ஏழே முக்கால்.
கை கட்டம் தவறி,
யாருடன் என்ற இடத்தில்
உப்பு கூட
என்று விழுந்துவிட்டது.
அடிக்கவில்லை.
மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.